உப்புக்கோடு

மாங்குளம் சந்தியில் கடலுக்கு ஒரு வேலையும் இல்லை.
முல்லைத்தீவு பஸ்ஸில், என்ஜின் பெட்டியின் மேல்,
இருபது லீற்றர் கான்கள் இரண்டில் வந்திறங்கியது.
கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெற் கிழித்தான்.

போன் திருத்தும் மேசையில் பாதியைத் துடைத்தேன்.
வெடித்த திரைகள், சார்ஜர் வயர்கள்,
'இங்கே ரீலோட் செய்யப்படும்',
பக்கத்தில் ஒன்றரையடிக் கண்ணாடித் தொட்டி.
பம்முக்குத் துணையாகப் பழைய வான் பற்றறி;
கரண்ட் போகும் நேரமும்
கடல் மூச்சு விட வேண்டுமே.

"கல்லு வேணும் எண்டியள்,"
கள்ளப்பாட்டு மரியசீலன் ஈரச்சாக்கை அவிழ்த்தான்.
கல் இல்லை.
சீமெந்துக் கட்டியில் பாதி. வலையில் ஏறினது.
ஒரு பக்கம் இன்னும் நீலம்,
யாருடையதோ ஒரு அறையின் நீலம்.
மற்றப் பக்கமெல்லாம் சுண்ணாம்புக் குழல்கள்,
ஊதாப் படலம், விரல் நுழையாத ஓட்டைகள்.
எங்கே வலை போட்டதென்று நான் கேட்கவில்லை.
அவன் பெற்றோல் காசு மட்டும் வாங்கினான்.

முதல் கிழமை நாற்றம்.
"எலி செத்துக் கிடக்கோ அக்கா?"
இரண்டாம் கிழமை கண்ணாடி முழுக்கத் தவிட்டு நிறம்.
மூன்றாம் கிழமை ஒரு சாமத்தில்
டோர்ச்சின் வாயில் சிவப்பு ரொபித் தாள் கட்டி
உள்ளே பார்த்தேன்.

நான் காசு கொடுக்காதவையெல்லாம் நடமாடின.
மயிர்க்கால் புழு ஒன்று முக்கால்வாசி வெளியே வந்து
எதையோ மறந்துவிட்டதைப்போல் திரும்பிப் போனது.
கடுகு நத்தைகள், எண்ண முப்பத்தொன்று,
திரும்ப எண்ண இருபத்தேழு.
ஒரு ஓட்டைக்குள்ளிருந்து நூல்போல் நீண்ட கைகள்
தண்ணீரைத் தடவித் தடவி
உடல் காட்டாமலே சாப்பிட்டன.
கட்டியின் அடியில் ஒரு கண்ணாடிப் பூ.
தொட்டேன். இல்லாமல் போனது.

பிறகு அந்தச் சத்தம்.
டிக்.
தொட்டி வெடிக்கிறதென்று எழும்பி ஓடினேன்.
வெடிப்பில்லை.
"உங்கட போனில ஏதோ," என்று
பிறேமிளா போர்வையை இழுத்துக்கொண்டாள்.
விடியப் பார்த்தால் நத்தை ஓடுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் வந்த
செம்மஞ்சள் மீன்கள் இரண்டு.
எட்டாயிரம் ரூபா.
பன்னிரண்டாம் நாள் ஒன்று.
முள் கூட மிஞ்சவில்லை.

"அதுவோ?" போனில் மரியசீலன் சிரித்தான்.
"வலையில வந்தா விரலைக் கிழிக்கும்.
பேரோ? எறியிறதுக்கெல்லாம் ஆர் பேர் வைக்கிறது.
கட்டியைத் தூக்கி வைச்சுச் சுடுதண்ணி ஊத்துங்கோ,
தானா வெளியில வரும்."

கேத்தல் கொதித்தது.
பேசினில் கட்டி, நீலம் மேலே, சொட்டிக்கொண்டு.
ஓட்டையின் வாயில் காம்பு வைத்த இரண்டு கண்கள்,
ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சுழன்றன.
ஒன்று என்னைப் பார்த்தது.
மற்றது கேத்தலை.

அந்தத் தண்ணீரில் பிளேன்ரீ போட்டேன்.
மிஞ்சிய மீனைக்
கிளிநொச்சியில் தொட்டி வைத்திருக்கிற
பல் டொக்டருக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஆவணி வெயிலில் தொட்டி ஒரு நாளைக்கு ஒரு விரல் குறையும்.
போவது தண்ணீர்தான்.
உப்பு எங்கேயும் போவதில்லை,
அது மிஞ்சியதுக்குள் நெருங்கி நெருங்கி இருக்கும்.
அதனால் கடலுக்குக் கடலை ஊற்றக்கூடாது.
மாக்கரால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன்.
காலையில், நாங்கள் குடிக்க வாங்கும்
வடிகட்டிய தண்ணீரில்
முதல் கோப்பை அந்தக் கோடு வரைக்கும்.

நேற்று ஒரு பெடியன்,
திரை மாற்ற வந்தவன், கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான்.
"மீனைக் காணேல்ல.
வெறுந் தொட்டியோ அக்கா?"

டிக், என்றது நீலம்.